கழுத்து லேபிள் அச்சு: ஸ்கிரீனா, பேடா, டிரான்ஸ்ஃபரா, டிடிஎஃப்பா?

பினாங்குத் தைப்பூசத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தலுக்கு 240 தொண்டர் சட்டை அடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நெஞ்சில் ஒரே வேல், முதுகில் ஒரே வாசகம். அச்சுக்காரருக்கு அது ஒரே வேலை. கழுத்தில் தைத்திருக்கும் துணி லேபிளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நேரடியாக அச்சடித்துத் தாருங்கள் என்று கேட்டுவிட்டால், அதே ஆர்டர் ஆறு வேலையாகிவிடும்: எஸ் 20, எம் 50, எல் 70, எக்ஸ்எல் 60, 2எக்ஸ்எல் 30, 3எக்ஸ்எல் 10. அளவு மாறும்போதெல்லாம் லேபிளும் மாற வேண்டும். 3எக்ஸ்எல் பத்தே பத்துச் சட்டைதான், ஆனாலும் அதற்கும் தனியாக ஓர் அமைப்பு.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சிறிய அச்சுக்கடைகள் மெஷின் விலையையும் மை விலையையும் ஒப்பிட்டு முறையை முடிவு செய்வதுதான் வழக்கம். எங்கள் கணிப்பில் அவை இரண்டும் கடைசியாகப் பார்க்க வேண்டியவை. துணி எது, ஓர் ஆர்டரில் எத்தனை தடவை அளவு மாறுகிறது, சட்டையைப் போடப்போவது பெரியவரா கைக்குழந்தையா என்ற மூன்றையும் முதலில் கேட்டால், ஸ்கிரீன், பேட், டிரான்ஸ்ஃபர், டிடிஎஃப் (படலத்தில் டிஜிட்டலாக அச்சடித்துச் சூட்டில் ஒட்டுவது) என்று இருக்கும் நான்கு முறைகளில் பாதி தானாகவே விலகிவிடும்.

எந்த முறைக்கும் பொதுவானவை

முதலில் நிறம். வெள்ளைச் சட்டைக்குக் கறுப்பு லேபிள் உள்ளே பார்க்க எடுப்பாக இருக்கும். சட்டைக்குள் உள்ளங்கையை விட்டு, பின்கழுத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்) காட்டனில் லேபிள் முழுவதும் வெளியே நிழலாகத் தெரியும். பெரிய எழுத்தென்றால் இடவலம் மாறிய நிலையிலேயே வாசித்துவிடலாம். நடுத்தரச் சாம்பல் நிறம் இதைப் பெருமளவு தீர்த்துவிடுகிறது. அது வெள்ளையிலும் படிக்க வரும், கறுப்பிலும் படிக்க வரும், வெளியே நிழலும் அடிக்காது. ஒரே ஆர்டரில் வெள்ளை, நீலம், கறுப்பு என்று சட்டைகள் கலந்து வந்தாலும் மை மாற்ற வேண்டியதில்லை. மஞ்சள் சட்டைக்கும் இதே சாம்பல் போதும்.

அடுத்தது வடிவம். எழுத்தும் கோடும் மட்டும் இருக்கட்டும். பின்னணி முழுக்க மை நிரப்பிய கட்டம் வேண்டாம். நிரப்பிய கட்டத்தில் துணி மூச்சு விடாது, வியர்வை தேங்கும், நான்கு மூலையும் தோலில் உரசும். 2008 அக்டோபரில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், வெப்பத்தால் ஒட்டிய கழுத்து லேபிள்களால் சில குழந்தைகளின் மேல்முதுகில் தடிப்பு ஏற்பட்டதாகப் பெற்றோருக்கு அறிவிப்பு வெளியிட்டது. அப்போது பேசப்பட்டவை பின்னணி நிரப்பிய லேபிள்கள்தாம்.

இடத்தைப் பொறுத்தவரை, லேபிளின் மேல்விளிம்பு கழுத்துத் தையலுக்கு 2 முதல் 2.5 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். அதைவிட மேலே ஏற்றினால் கழுத்துப் பட்டித் தையலின் மேடு அடியில் வந்துவிடும். லேபிளைச் சூட்டில் அழுத்தி ஒட்டும் ஹீட் பிரெஸ்ஸின் அழுத்தத்தை அந்த மேடே வாங்கிக்கொள்ள, லேபிளின் மேல்வரி பாதி ஒட்டியும் பாதி ஒட்டாமலும் நிற்கும். எழுத்தின் அளவு 6 புள்ளிக்கு (பாயின்ட்) குறைய வேண்டாம், கோடு 0.25 மில்லிமீட்டருக்கு மெலிய வேண்டாம். சலவைக் குறிகளுக்குள் இருக்கும் புள்ளிகளும் குறுக்குக் கோடுகளும்தான் முதலில் அடைபடும். அதனால் குறிகளை எழுத்தைவிடப் பெரிதாக, 4 அல்லது 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு வைப்பது நல்லது.

வெற்றுச் சட்டை வாங்கும்போதே கிழித்தெடுக்கும் லேபிள் உள்ள ரகமாகப் பார்த்து வாங்குங்கள். தையலோடு சேர்த்துத் தைத்த லேபிளை வெட்டினால் ஒரு மில்லிமீட்டர் ஓரம் உள்ளே நின்றுவிடும். உரசல் இருக்கக் கூடாது என்றுதான் அச்சு லேபிளுக்கே போகிறோம், அந்த ஓரம் முழு லேபிளைவிட மோசமாகக் குத்தும்.

துணி சொல்வதைக் கேட்க வேண்டும்

காட்டனுக்கு எந்த முறையும் சரிவரும். சிக்கல் பாலியஸ்டரில். இங்கே பள்ளி விளையாட்டுப் போட்டியிலிருந்து கோயில் தொண்டர் படை வரை பலரும் கேட்பது மைக்ரோஃபைபர் ஜெர்சிதான், அதாவது பாலியஸ்டர். பாலியஸ்டருக்கு ஏற்றும் சாயம் வெப்பத்தில் ஆவியாகி நகரக்கூடியது. 160 டிகிரியில் பிரெஸ் செய்தால் துணியில் இருக்கும் சாயம் கிளம்பி லேபிளுக்குள் ஏறிவிடும். மரூன் ஜெர்சியில் வெள்ளை லேபிள் ஒட்டிய அன்று பளிச்சென்று இருக்கும். மறுநாளோ அடுத்த வாரமோ இளஞ்சிவப்பாகிவிடும். சிவப்பு, மரூன், கருநீலம் ஆகியவற்றில் இது அதிகம்.

மாற்று வழி இரண்டு. 130 டிகிரி அளவில் ஒட்டும் குறைவெப்ப டிரான்ஸ்ஃபரைப் பயன்படுத்தலாம். அதைவிட எளிது, லேபிளைக் கருஞ்சாம்பலிலோ கறுப்பிலோ அடித்துவிடுவது. சாயம் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியாது. அழுத்தமான நிறத் துணியில் கறுப்பு வெளியே நிழலடிப்பதும் இல்லை.

சப்ளிமேஷன் செய்த ஜெர்சி, அதாவது சாயத்தை வெப்பத்தில் ஆவியாக்கித் துணிக்குள் ஏற்றிப் படம் அச்சிட்டது, இன்னும் கடினம். அந்தச் சாயம் ஏற்கெனவே ஒருமுறை வெப்பத்தில் ஆவியாக ஏறியது, இன்னொரு முறை சூடு காட்டினால் மறுபடியும் கிளம்பும். வெளிப்பக்கப் படமே கழுத்தருகில் மங்கலாகலாம். வெட்டித் தைக்கும் கடையானால், வெப்பமே வேண்டாத வழி ஒன்று உண்டு. பின்கழுத்தின் உட்புறத்தில் தைக்கும் அரைநிலாத் துணியில், மற்றத் துண்டுகளுக்குச் சப்ளிமேஷன் செய்யும்போதே பெயர், அளவு, சலவைக் குறி எல்லாவற்றையும் சேர்த்து அச்சிட்டுவிடலாம். தையற்கூலி கொஞ்சம் கூடும். ஆனால் லேபிள் துணியின் நிறமாகவே ஆகிவிடுவதால் உரியவும் வெடிக்கவும் எதுவும் இல்லை. சப்ளிமேஷன் ஜெர்சிக்கு வேறு முறைகளை ஒப்பிட்டு நேரம் கழிக்கவே தேவையில்லை என்பது எங்கள் கருத்து.

ஸ்கிரீன் பிரிண்டிங்

ஏற்கெனவே ஸ்கிரீன் மேசை வைத்திருப்பவர்களுக்கு இது கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. கழுத்துக்கென்று சிறிய பலகை ஒன்று வேண்டும், ஏறக்குறைய 12க்கு 15 சென்டிமீட்டர். ஸ்கிரீன் மெஷ், அதாவது மை இறங்கும் வலை, சென்டிமீட்டருக்கு 90 இழை. இதைவிடப் பரும்படியான மெஷ்ஷில் மை தடிமனாக இறங்கி எழுத்தின் கண்களை அடைத்துவிடும், தொட்டால் மேடாகவும் இருக்கும். மையை இழுக்கும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜி கெட்டியானதாக, கடினத்தன்மை 75 முதல் 80 டியூரோமீட்டர். ஸ்கிரீனுக்கும் சட்டைக்கும் இடைவெளி ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர். ஒரே இழுப்பு, இரண்டாவது இழுப்பு வேண்டாம். நெஞ்சுப் படத்துக்கு மை அடர்த்தியாக நிற்க வேண்டும், கழுத்துக்கு எவ்வளவு குறைவாக இறங்குகிறதோ அவ்வளவு நல்லது.

ஆறு அளவுக்கும் ஆறு ஸ்கிரீன் செய்ய வேண்டாம். ஒரே சட்டத்தில் ஆறு லேபிளையும் இடம்விட்டு எடுத்து, அச்சடிக்கும் ஒன்றைத் தவிர மற்றவற்றை டேப்பால் மூடிவிடலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் டேப்பை உரித்து, சட்டத்தை நகர்த்தி, கழிவுத் துணியில் இரண்டு தடவை அடித்துப் பார்க்க ஐந்து முதல் எட்டு நிமிடம் பிடிக்கும்.

இங்கே அதிகம் தவறுவது மை வேகவைப்பதில்தான். வழக்கமான பிளாஸ்டிசால் மை (பிளாஸ்டிக் கலந்த, வெப்பத்தில் கெட்டியாகும் மை) அடிவரை 160 டிகிரியைத் தொட்டால்தான் முழுதாக வேகும். நெஞ்சுப் படம் மேலே பார்த்தபடி, மையை வேகவைக்கும் டிரையருக்குள் போகிறது. கழுத்து லேபிளோ சட்டைக்குள்ளே, முன்பக்கத் துணிக்குக் கீழே மறைந்து கிடக்கிறது. இரண்டையும் ஒரே ஓட்டத்தில் அனுப்பினால் படம் வெந்திருக்கும், லேபிள் உறைந்து மட்டும் இருக்கும். கையால் தொட்டால் காய்ந்த மாதிரிதான் தெரியும். இரண்டாவது சலவையில் எழுத்து துகளாக உதிர்ந்துவிடும். எனவே லேபிளை அடித்ததும், கழுத்தைத் திறந்து லேபிள் மேலே தெரியும்படி மடித்துத் தனியாக அனுப்ப வேண்டும். லேசர் வெப்பமானி மையின் மேற்பரப்பை மட்டுமே அளக்கும். மைக்குள் பதியும் கம்பி முனை உள்ள அளவி நம்பகமானது. அது இல்லையென்றால் வெந்த லேபிளை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள், விரிசல் விட்டால் வேகவில்லை.

நீர்சார் மை தொட்டால் தெரியாத அளவுக்கு மென்மையானது, காட்டனுக்கு எங்கள் விருப்பமும் அதுதான். ஆனால் நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் சட்டையில் ஏறிய நீர் மெதுவாகவே விலகும். அதே மை ஸ்கிரீன் கண்களில் மட்டும் வேகமாக உலர்ந்து அடைத்துக்கொள்ளும், அதுவும் 6 புள்ளி எழுத்தில். அளவு மாற்ற நிறுத்தும் ஐந்து நிமிடத்தில் ஸ்கிரீன் கெட்டுவிடலாம். பிளாஸ்டிசால் வெப்பம் காட்டும் வரை உலராது. அளவு அடிக்கடி மாறும் வேலைக்கு அதுவே பிழைத்துப்போகும்.

இன்னொன்று பஞ்சு. முப்பது, நாற்பது சட்டைக்கு ஒருமுறை ஸ்கிரீனின் அடிப்பக்கத்தைப் பார்த்துத் துடைக்காவிட்டால், துணியின் நார் ஒட்டி எழுத்தின் ஓரம் ரோமம் முளைத்ததுபோல் ஆகிவிடும்.

பேட் பிரிண்டிங்

உருவம் பொறித்த தகடு ஒன்று. அதன்மேல் கவிழ்த்த மைக்கிண்ணம் நகர்ந்து பள்ளத்தில் மையை நிரப்பி, மேற்பரப்பை வழித்துவிடும். சிலிக்கோன் பேட் இறங்கி அந்த மையை எடுத்துச் சட்டையில் பதிக்கும். பள்ளத்தின் ஆழம் 25 மைக்ரான் அளவுதான், அதிலும் ஒரு பகுதியே பேடில் ஏறும். அதனால்தான் பேட் அச்சைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கழுத்துக்கு இதைவிட மென்மையான அச்சு கிடைப்பது அரிது. பல மைகளுக்கு டிரையரும் வேண்டாம், அடித்ததும் மடிக்கலாம். ஆனால் முழுப் பிடிப்பு வர ஒன்றிரண்டு நாள் ஆகும், அதற்குள் துவைத்துப் பார்த்து மையைக் குறை சொல்லக் கூடாது.

மெல்லிய அச்சு என்பதே இதன் குறையும். கறுப்புச் சட்டையில் வெள்ளை மை வெளிறிப்போகும். சாம்பல் என்று முடிவு செய்துவிட்டால் இது பெரிய தடையில்லை.

இந்த முறையின் உயிர் கரைப்பான் ஆவியாகும் வேகத்தில் இருக்கிறது. தகட்டில் மையின் மேற்புறம் லேசாக உலர்ந்து பசையேறும்போது பேட் அதை எடுக்கிறது. போகும் வழியில் மறுபுறம் பசையேறித் துணியில் இறங்குகிறது. காலையில் ஏர்கோன் போட்ட அறையில் சரியாக ஓடிய மை, மதியம் கதவைத் திறந்து வைத்து 33 டிகிரி ஆனதும் பேடிலேயே உலர்ந்து நிற்கும். எழுத்தில் ஊசித்துளை விழும், பேடில் பழைய எழுத்தின் மிச்சம் தங்கும். மெதுவாக ஆவியாகும் தின்னரை 5 முதல் 10 விழுக்காடு சேர்த்தால் சரியாகும். அதற்குமேல் ஊற்றினால் எழுத்து வழியும். கடினமாக்கி கலந்த இருபொருள் மையானால் கலந்த அன்றே தீர்த்துவிட வேண்டும். மறுநாள் கிண்ணத்தில் அது பார்க்க மைபோலவே இருக்கும், சட்டையில் பிடிக்காது.

கரைப்பான் வாடை கடுமையானது. ஒரே அறையில் தையலும் அச்சும் நடக்கும் கடைவீட்டில், வெளியே தள்ளும் விசிறி இல்லாமல் இதை வைப்பது வேலை செய்பவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

தகட்டில் ஒளிப்பாலிமர் ரகம் மலிவு, சில ஆயிரம் அச்சு தாங்கும். எஃகுத் தகடு பல மடங்கு தாங்கும். ஆண்டு முழுவதும் மாறாத பிராண்டு என்றால் எஃகு, ஒருமுறை வரும் விழாவுக்கு பாலிமர்.

டிரான்ஸ்ஃபரும் டிடிஎஃப்பும்

இரண்டையும் ஹீட் பிரெஸ்ஸில்தான் ஒட்டுகிறோம், ஆனால் பொருள் வேறு. பிளாஸ்டிசால் டிரான்ஸ்ஃபர் என்பது காகிதத்தில் இடவலம் மாற்றி ஸ்கிரீன் அச்சடித்து வைத்தது. டிடிஎஃப் என்பது பிளாஸ்டிக் படலத்தில் டிஜிட்டலாக அச்சடித்து, ஈர மையின்மேல் பசைத்தூள் தூவி உருக்கியது.

கழுத்து என்று வரும்போது இந்த வேறுபாட்டைத் தோல் உணரும். டிடிஎஃப்பில் நிற மை, வெள்ளை மை, பசை என்று மூன்று அடுக்கு. நெஞ்சில் இது பொருட்டில்லை. கழுத்தில், வியர்த்த பிறகு, சிறிய எழுத்தின் ஓரங்கள் நறுக்கென்று தெரியும். ஈரமான நாளில் பசைத்தூள் கட்டிபட்டு மையில்லாத இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். விரல்நகத்தால் மெல்லக் கீறினால் எழுத்துகளுக்கு நடுவே மணல்போல் தட்டுப்படும். நுண்ணிய தூளை வாங்கி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைத்து, வெள்ளை அடுக்கைக் குறைத்து அச்சிட்டால் ஓரளவு சரியாகும். வெள்ளையை மிகவும் குறைத்தால் தூள் ஒட்ட ஈரம் போதாமல் எழுத்தே உதிரும். 0.4 மில்லிமீட்டருக்கு மெலிந்த கோடு டிடிஎஃப்பில் தங்காது. அதாவது சலவைக் குறிகளை இன்னும் பெரிதாக்க வேண்டியிருக்கும், லேபிள் வளரும்.

ஆனால் பத்துச் சட்டைக்கும் டிடிஎஃப் வரும், ஒவ்வொன்றிலும் வேறு பெயர் போட்டாலும் அதே விலை. 58 சென்டிமீட்டர் அச்சிடும் அகலத்தில், 5 சென்டிமீட்டர் சதுர லேபிளை அரை சென்டிமீட்டர் இடைவெளியோடு அடுக்கினால் வரிசைக்கு 10, மீட்டருக்கு 18 வரிசை, ஆக 180 லேபிள். நம் 240 சட்டைக்குச் சேதாரம் 5 விழுக்காடு சேர்த்து 252 லேபிள் என்றால், ஒன்றரை மீட்டர் போதும்.

ஒட்டும் முறை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. முதலில் வெறும் சட்டையை 3 முதல் 5 நொடி அழுத்தி ஈரத்தை ஓட்டுங்கள். நம் ஊரில் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. துணியில் தங்கிய ஈரம் ஆவியாகிப் பசைக்கு அடியில் குமிழ் விடும். பிறகு லேபிளை வைத்து 150 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் 8 முதல் 12 நொடி. சூட்டோடு உரிப்பதா ஆறவிட்டு உரிப்பதா என்பது ஒவ்வொரு ரகத்துக்கும் வேறு, விற்றவரிடம் கேட்டுப் பெட்டியில் எழுதி வையுங்கள். ஆறவிட்டு உரிக்க வேண்டியதைச் சூட்டோடு இழுத்தால் பாதி எழுத்து படலத்தோடு வந்துவிடும். உரித்தபின் பேக்கிங் காகிதம் (கேக் சுடும்போது அடியில் போடுவது) வைத்து இன்னொரு 3 நொடி அழுத்தினால் பளபளப்பு குறைந்து, பசை இழைக்குள் இறங்கும்.

பிரெஸ்ஸின் அடித்தட்டு சிறியதாக, 10க்கு 12 சென்டிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். கழுத்துப்பட்டியும் தோள்தையலும் தட்டுக்கு வெளியே தொங்க வேண்டும். பெரிய தட்டில் வைத்து அழுத்தினால் தையல் மேடு தடுக்கும், பாலியஸ்டரில் வெளிப்பக்கம் சதுரமாக ஒரு பளபளப்புத் தடம் விழும். அந்தத் தடம் துவைத்தாலும் போகாது. லேபிள் பிரெஸ் சாதாரண 13 ஆம்பியர் பிளக்கில் ஓடும், ஸ்கிரீனுக்கு வேண்டிய பெரிய டிரையர் அப்படி ஓடாது. கடைவீட்டு மாடியில் தொழில் தொடங்குபவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

டிரான்ஸ்ஃபரில் மீந்துபோகும் லேபிள்தான் நட்டம். பிராண்டுப் பெயர், துணி விவரம், சலவைக் குறி அடங்கிய பொது லேபிளை ஒன்றாகவும், அளவு எழுத்தை ஒரு சென்டிமீட்டர் துண்டாகத் தனியாகவும் அடித்து வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே அழுத்தில் ஒட்டிவிடலாம். மீதி எதுவும் அடுத்த ஆர்டருக்கு ஆகும்.

வெட்டி ஒட்டும் வினைலைக் கழுத்துக்கு நினைக்கவே வேண்டாம், இவ்வளவு சிறிய எழுத்தைச் சுற்றியுள்ள வேண்டாத பகுதியைக் களையெடுப்பதற்குள் நாள் போய்விடும்.

எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால்

பழகிய கை ஹீட் பிரெஸ்ஸிலும் ஸ்கிரீனிலும் மணிக்கு 120, 130 சட்டை செய்யும், பேடில் 300 செய்யும் என்று கொள்வோம். 240 சட்டை, ஆறு அளவு: டிரான்ஸ்ஃபரில் இரண்டு மணி நேரம், மாற்றத்துக்கு நேரமே இல்லை. ஸ்கிரீனில் அதே இரண்டு மணியோடு மாற்றங்களுக்கு முக்கால் மணி, ஸ்கிரீன் எடுக்கும் வேலை தனி. பேடில் அச்சு ஒரு மணிக்குள் முடியும், ஆனால் ஆறு தகடு செய்து ஆறு முறை மாட்ட வேண்டும். இந்த அளவில் டிரான்ஸ்ஃபரே முந்துகிறது. அதே லேபிள் 3,000 சட்டைக்கு என்றால் பிரெஸ்ஸில் 23 மணி நேரத்துக்கு மேல், பேடில் 10 மணி நேரம். மாதம் இரண்டு, மூன்று தடவை அந்த எண்ணிக்கை வந்தால்தான் பேட் மெஷின் தன் இடத்தை நியாயப்படுத்தும். அதுவரை அது மூலையில் நிற்கும் முதலீடு.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடுப்புக்கு இந்தக் கணக்கெல்லாம் அடுத்தபடிதான். மையோ டிரான்ஸ்ஃபரோ ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்ற துணிப் பாதுகாப்புச் சான்றை முதல் வகுப்பில் பெற்றதா, தாலேட் (பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் ரசாயனம்) கலக்காததா என்பதை எழுத்தில் வாங்குங்கள். விற்பவர் வாய்மொழியாகச் சொல்வது போதாது. டிடிஎஃப்பை அங்கே நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பேட் அல்லது நீர்சார் ஸ்கிரீன் இரண்டில் ஒன்று.

அமெரிக்காவுக்குச் சட்டை அனுப்புபவர்கள் கவனிக்க வேண்டியது: நார் விவரமும், செய்த நாடும், பொறுப்பான நிறுவனத்தின் அடையாளமும் இருக்க வேண்டும். நாட்டின் பெயர் கழுத்தின் உட்புற நடுவில், இரு தோள்தையலுக்கும் மத்தியில் வர வேண்டும். சலவைக் குறிப்பு அந்த உடுப்பு உழைக்கும் காலம் முழுவதும் படிக்கக்கூடியதாக நிற்க வேண்டும். பழைய லேபிளைக் கிழித்தெறியும்போது இந்த விவரங்களும் சேர்ந்து போகின்றன, அவற்றைப் புதிய லேபிளில் மறுபடி எழுதியாக வேண்டும்.

முடிவெடுக்கும் முன், நினைத்திருக்கும் துணியிலேயே ஐந்து சட்டைக்கு லேபிள் போட்டு, மூன்று நாள் விட்டு, பக்கத்து டோபி கடைக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் துவைத்துக் கொடியில் காயப்போடுவது சோதனையாகாது, ஏனென்றால் வாங்குபவர் பலர் டோபி கடைச் சூட்டு டிரையரில்தான் போடப்போகிறார். 40 டிகிரி நீரில் ஐந்து தடவை துவைத்து, ஒவ்வொரு தடவையும் முழுச் சூட்டில் உலர்த்துங்கள். பிறகு லேபிளைக் குறுக்காக இழுத்துப் பாருங்கள், வெள்ளைத் துணியால் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள், கடைசியில் ஒருவர் அதை அணிந்து ஒரு நாள் வேலை பார்க்கட்டும். ஒரு சட்டையை மட்டும் துவைக்காமல் பையில் வைத்து இரண்டு வாரம் கழித்து எடுத்துப் பாருங்கள். சாயம் ஏறுவதாக இருந்தால் அதற்குள் லேபிளில் தெரிந்துவிடும்.